ரயில் இல்லாத பெண்

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் யார் எவ்வளவு நேரம் ஆடுவது என்பதை ரயில் நேரம்தான் தீர்மானித்தது. இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். எழுபதுகளின் நடுவில், திருவள்ளூரில், ஒரு பெண்கள் அணிக்குக் கேப்டனாக இருந்து பார்த்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

அணியில் பத்துப் பேர். மூன்று பேர் பாசஞ்சர் வண்டியில் வந்து போகிறவர்கள். நான்காமவள் உள்ளூர்க்காரி, பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்யும் குடும்பம். விளக்கு வைப்பதற்குள் வீட்டுப்படி ஏறிவிட வேண்டும். எங்களில் நன்றாகக் கூடை போடுகிறவள் அவள்தான் என்பது அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் அதற்காக யாரும் விளக்கைத் தாமதமாக ஏற்றப்போவதில்லை. அதனால் அவளையும் ரயில் பெண்களோடு சேர்த்துத்தான் எண்ணுவேன். மற்ற ஐந்து பேர் ஹாஸ்டல். பத்தாவது ஆள் நான். என் அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. எதுவானாலும் எழுத்தில் கொடுத்து முத்திரை குத்தியிருந்தால் அவருக்குச் சம்மதம். பிரின்சிபால் கையெழுத்தோடு ஒரு கடிதத்தை நீட்டினேன், படித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் எத்தனை மணிக்கு வந்தாலும் கேள்வி இல்லை.

அந்த வருஷம் எங்கள் பி.டி. மிஸ் பிரசவத்துக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகத் தாவரவியல் மேடத்தைப் பொறுப்பில் போட்டார்கள். நல்ல மனுஷி. செடிகொடிகளைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வார். கூடைப்பந்தில் எந்தப் பக்கத்துக் கூடை எங்களுடையது என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "உள்ள யாரு, வெளிய யாருங்கறதெல்லாம் நீயே பாத்துக்கோம்மா. நான் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு வாயெல்லாம் பல். எனக்கு அதிகாரம் பிடிக்கும், அன்றும் பிடித்தது, இன்றும் பிடிக்கும். அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

என் சட்டம் எளிமையானது. சீக்கிரம் போக வேண்டியவர்கள் முதலில் ஆட வேண்டும். பயிற்சியிலும் அப்படித்தான், ஆட்டத்திலும் அப்படித்தான். ரயில் பெண்கள் நான்கு பேரும் நானுமாக ஆரம்பிப்போம். அவர்களுக்கு நேரமாக ஆக, ஹாஸ்டலிலிருந்து ஒவ்வொருத்தியாக உள்ளே இறக்குவேன். ஹாஸ்டல் பெண்களில் ஒருத்திக்கு ஏழு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கிற முறை என்றால் அவள் அடுத்தவளுக்கு முன்னால். மெஸ் கமிட்டியில் இருந்தவளுக்கு அரிசி அளந்து கொடுக்க வேண்டும், அவளும் முன்னால். இப்படி ஒவ்வொருத்திக்கும் ஓர் அவசரம் இருந்தது. அவசரமே இல்லாத ஒருத்தி மிச்சமிருந்தாள்.

அவள் சட்டையில் பதின்மூன்று என்று ரிப்பனால் தைத்திருந்தது. நான்கிலிருந்து ஆரம்பித்துப் பதின்மூன்று வரை எண் போட்டிருந்தோம், கடைசிச் சட்டை அவளுக்கு வந்தது, பதின்மூன்று என்றே கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம், நெல் பயிரிடுகிற வீடு. வீட்டில் அப்பாவை நைனா என்பாள். அவளுக்கு ரயிலும் இல்லை, விளக்கும் இல்லை, கமிட்டியும் இல்லை. "நீ இங்கதானே இருக்கப்போறே" என்று சொல்லிச் சொல்லியே அவளை உட்காரவைத்தேன். எல்லோரும் போன பிறகு பந்துகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டு அறையில் பூட்டுவதும் அவள்தான். ஆட்டம் மோசம் என்று சொல்ல முடியாது. கூடை போடுவதில் கொஞ்சம் நிதானம், ஆனால் கையில் வந்த பந்தைத் தவறவிட மாட்டாள். மூன்று வருஷம் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். பி.டி. மிஸ் இருந்த காலத்தையும் சேர்த்து, மூன்று வருஷத்தில் ஒரு போட்டியில்கூட அவள் கோட்டுக்கு உள்ளே கால் வைத்ததில்லை. இது எனக்கே அந்தக் கடைசி வருஷத்தில்தான் உறைத்தது, அதுவும் அவளே சொன்னதால்.

ஒரு நாள் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், என்னிடம் வந்து நின்றாள்.

"கேப்டன், ஒரு மேட்டர். நைனா கண்டிசனா சொல்ட்டாரு. பி.டி. டீச்சர் காலேஜில சீட்டு கெடச்சா படிக்கலாமாம். இல்லன்னா தை மாசம் மாமன் கையில புட்ச்சிக் குட்த்துடுவாராம்."

"அப்ளிகேஷன் போடு. உனக்கென்ன மார்க் இல்லியா?"

"மார்க்கு இருக்குது. ஆடின சர்டிபிகேட்டு வேணும். கூடப் போய் குந்திக்கினு வந்தவளுக்கெல்லாம் தர மாட்டாங்களாமே."

அது உண்மைதான். அந்த வட்டாரக் கல்லூரிகளுக்கான போட்டியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மேசையில் உட்கார்ந்து புள்ளி எழுதுகிறவர், ஓர் ஆள் உள்ளே இறங்கியதும் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு குறுக்குக்கோடு போடுவார். அந்தக் கோடு விழுந்தவர்களுக்கு மட்டும்தான் சான்றிதழ். முன்னெல்லாம் தாளாளர் வீட்டுப் பெண், செயலாளர் அக்கா பெண் என்று ஆடாதவர்களை எல்லாம் பட்டியலில் சேர்த்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் கெடுபிடி. ஒரு நொடி ஆடினாலும் போதும், கோடு விழுந்துவிடும்.

"இவ்ளோதானே? முதல் மேட்ச்சிலயே உன்னை இறக்குறேன்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததை இப்போதும் சொல்ல முடியும். வெகு சுலபமாக வாக்குக் கொடுத்தேன். எனக்கு அது ஒரு பெரிய காரியமாகவே படவில்லை.

முதல் ஆட்டத்தில் அவளை இறக்கவில்லை. ஒரு புள்ளி இரண்டு புள்ளி என்று இழுபறியாகப் போனது, என்னால் யாரையும் மாற்ற முடியவில்லை. அரையிறுதியில் நிறைய முன்னால் இருந்தோம். அவளைக் கூப்பிட வாய் எடுத்தபோது, ரயிலில் வரும் ஆவடிப் பெண், "எனக்கு ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு, இப்ப மாத்தாதே" என்று கெஞ்சினாள். அவளைக் கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு எதிரணி நெருங்கி வந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் பதின்மூன்று வழக்கம்போலப் பந்துகளைப் பொறுக்கப் போனாள். நான்தான் ஓடிப்போய், "ஃபைனல்ல கண்டிப்பா. சத்தியமா" என்றேன். கேட்காமலேயே சத்தியம் செய்தேன் என்பதிலிருந்தே என் நெஞ்சு குறுகுறுத்தது தெரியும்.

இறுதி ஆட்டம் கும்மிடிப்பூண்டியில். அங்கே அப்போதுதான் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று தன் மனமகிழ் மன்றத்துக்காகச் சிமெண்டுத் தளத்தில் ஒரு மைதானம் போட்டிருந்தது. தளம் புதிது, ஆனால் அதற்குள் நடுவில் வெடிப்பு விட்டிருந்தது. லாரி ஒவ்வொன்றும் போகும்போது புழுதி வந்து கோடுகளை மூடும், ஓர் ஆள் துடைப்பத்தோடு ஓடிவந்து பெருக்குவார். ஆட்ட முடிவைச் சொல்ல மணியில்லை, சங்கில்லை. வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

இரண்டு மணிக்கு ஆரம்பிப்பதாக ஏற்பாடு. நாலு பத்துக்குப் பாசஞ்சர். அதில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறினால்தான் ரயில் பெண்கள் நான்கு பேரும் நேரத்தோடு வீடு போய்ச் சேர முடியும். மற்றவர்கள் மேடத்தோடு பஸ்ஸில் திரும்பலாம். ரயிலில் போகிறவர்களை அழைத்துப் போகக் கோயில் வீட்டுப் பெண்ணின் அண்ணன் வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டாமல், யாரையும் இடிக்காமல், வேலியோரமாக நின்றார். இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் மூன்றரைக்கு முடிந்துவிடும், யாருக்கும் சிக்கலில்லை. எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், தலைமை விருந்தினர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார் என்பதைத் தவிர.

இரண்டு மணி ஆயிற்று. இரண்டேகால். சென்னையிலிருந்து வந்த எதிரணி உடம்பைச் சூடேற்றி, ஆறி, மறுபடி சூடேற்றியது. நான் மேசைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். "இன்னும் அஞ்சு நிமிசம்மா, சார் கெளம்பிட்டாரு" என்றார் மன்றச் செயலாளர். நாலு தடவை அதையே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். கார் வந்தபோது மூன்று ஆக ஐந்து நிமிஷம் இருந்தது. அவர் வந்து இரு அணிக்கும் கைகொடுத்து, பெண்கள் விளையாட வேண்டியதன் அவசியம் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அண்ணன் கடிகாரத்தை என் பக்கம் திருப்பி ஒரு விரலால் தட்டிக் காட்டினார்.

இடைவேளையோடு நான்கு பேரும் போய்விடுவார்கள். அப்போதே அது தெரிந்துவிட்டது. மிச்சம் ஆறு பேர். ஐந்து பேர் உள்ளே, ஒருத்தி வெளியே. வெளியே யார் என்பதும் தெரிந்ததுதான்.

முதல் பாதியில் பதின்மூன்றை இறக்குவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. போகிறவர்கள் முதலில் ஆட வேண்டும் என்ற என் சட்டம் அன்று இன்னும் சரியாகப் பொருந்தியது. இருபது நிமிஷத்துக்குள் எவ்வளவு சேர்க்க முடியுமோ அவ்வளவும் சேர்த்துவிட வேண்டும், பிறகு அதை வைத்து ஓட்ட வேண்டும். கோயில் வீட்டுப் பெண் அன்று ஆடிய ஆட்டத்தை நான் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை. நின்ற இடத்திலிருந்து போட்டாள், ஓடிக்கொண்டே போட்டாள். கூடை விழும்போதெல்லாம் வேலியோரம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கூச்சமா பெருமையா என்று தெரியவில்லை. இடைவேளைக்குப் போகும்போது நாங்கள் ஒன்பது புள்ளி முன்னால்.

அதற்குள் எனக்கு மூன்று ஃபௌல் ஆகியிருந்தது. ஐந்தானால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான். என் சுபாவம் அப்படி, எவளாவது இடித்தால் பதிலுக்கு இடிக்காமல் இருக்க முடியாது.

நான்கு பேரும் சட்டைமேலேயே தாவணியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார்கள். கோயில் வீட்டுப் பெண் அழுதாள். "நான் இருந்துடறேனே அண்ணா, பஸ்ல வந்துடறேனே" என்றாள். அண்ணன் அவளைத் திட்டவில்லை. "அப்பா வாசல்லயே நின்னுண்டிருப்பார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பெஞ்சில் பதின்மூன்று எழுந்து நின்றிருந்தாள். கேன்வாஸ் ஷூ கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"ஆரம்பத்துலயே வரட்டா, கேப்டன்?"

ஒன்பது புள்ளி முன்னால் இருந்தோம். சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மேசையில் கோடு விழுந்திருக்கும், ஒரு நிமிஷம் கழித்து அவளை வெளியே எடுத்திருந்தால்கூட யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எங்கள் முக்கியமான கை போய்விட்ட பயம் எனக்கு. முதல் ஐந்து நிமிஷம் தாக்குப்பிடித்துவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"அஞ்சு நிமிஷம் பொறு" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். கயிற்றை அவிழ்க்கவில்லை.

ஐந்து நிமிஷத்தில் ஒன்பது நான்காயிற்று. எதிரணியில் பத்துப் பேரும் இருந்தார்கள், ஐந்து ஐந்தாக மாற்றி இறக்கினார்கள். புதுக் கால்கள் வந்துகொண்டே இருந்தன. எங்களில் ஐந்து பேர், அதே ஐந்து பேர். மூச்சு வாங்கியது. மூன்று மணி ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிலாளிகள் வேலியைச் சுற்றி நிறைந்துவிட்டார்கள். அவர்களுக்கு எந்த அணியும் சொந்தமில்லை, ஆனால் வந்த கொஞ்ச நேரத்திலேயே எங்கள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். "இன்னாமா, அந்த நாலு பேரு எங்க போய்ட்டாங்க? கூப்டுங்கமா!" என்று ஒருவர் கத்தினார். "ரயிலுக்குப் போய்க்கினு இருக்காங்கபா" என்று இன்னொருவர் பதில் சொன்னார். ஒரே சிரிப்பு. எனக்கு அவர்களையும் பிடித்து ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது.

எட்டாவது நிமிஷத்தில் எனக்கு நான்காவது ஃபௌல். விசில் ஊதி ஆட்டம் நின்றது. ஆள் மாற்ற வேண்டுமானால் அப்படி விசில் ஊதி நின்றால்தான் முடியும். கூடை விழுந்தாலும் ஆட்டம் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். மேடம் பெஞ்சிலிருந்து எழுந்து, "நீ வந்து கொஞ்சம் உக்காரும்மா! அந்தப் பொண்ணு போகட்டும்!" என்று கத்தினார். அவருக்கு ஆட்டம் தெரியாது என்று இத்தனை நேரம் சொன்னேனே, அந்த ஒரு சமயம் அவர் சொன்னதுதான் சரி. நான்கு ஃபௌல் ஆன ஆளை வெளியே எடுத்து உட்காரவைப்பது எந்த அணியிலும் செய்வது. நான் கேட்காதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதின்மூன்று பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்காமல் ஆட முயன்றேன், முடியவில்லை. மைதானத்தின் எந்த மூலையில் நின்றாலும் பெஞ்சு கண்ணில் பட்டது. அதில் அவளும் மேடத்தின் குடையும்தான். எனக்கு ஐந்தாவது ஃபௌல் ஆனால் யாரும் இறக்காமலே அவள் இறங்கிவிடலாம். அதற்காக அவள் வேண்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் இடத்தில் நானாக இருந்தால் வேண்டியிருப்பேன். அதனால் யார் இடித்தாலும் கையை மடக்கிக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பொறுமையாக ஆடினேன்.

இரண்டு நிமிஷம் இருக்கும்போது நாங்கள் ஒரு புள்ளி பின்னால் போய்விட்டோம். எங்கள் மெஸ் கமிட்டிப் பெண்ணுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, நொண்டினாள். எதிரணிப் பெண் ஒருத்தி அவளைத் தள்ளியதற்கு விசில் ஊதினார்கள். ஆட்டம் நின்றது. பதின்மூன்று எழுந்து கோட்டுக்கே வந்துவிட்டாள். நொண்டியவளும் என்னைப் பார்த்து, "நான் போறேன், முடியல" என்றாள்.

"அடுத்த விசில்ல" என்றேன் இருவரிடமும். "இப்ப மாத்தினா எல்லாம் கலைஞ்சுடும்."

என்ன கலைந்துவிடும்? ஒரு கால் இழுத்துக்கொண்ட பெண்ணுக்குப் பதில், ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருக்கும் நல்ல காலுள்ள பெண். இன்றைக்கு உட்கார்ந்து எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் என் முடிவில் அறிவு இல்லை. ஆனால் அவளை மூன்று வருஷம் கடைசியில் பார்த்துப் பழகியிருந்தேன். பழகியதால் அவள் கடைசி ஆள்தான் என்று நானே நம்பிவிட்டேன்.

ஒரு நிமிஷம் இருக்கும்போது பந்து என்னிடம் வந்தது. இடதுபக்கம் போவதுபோல் காட்டி வலதுபக்கம் திரும்பிப் போட்டேன். பலகையில் பட்டு விழுந்தது. ஒரு புள்ளி முன்னால். வேலி இடிந்துவிடும்போல ஆரவாரம். ஓடித் திரும்பும்போது பெஞ்சைப் பார்த்து, "டேபிளுக்குப் போ! சொல்லு!" என்று கத்தினேன். அவள் ஒரே ஓட்டமாக மேசைக்கு ஓடினாள். புள்ளி எழுதுகிறவர் தலையை ஆட்டி, அங்கேயே நிற்கும்படி கையைக் காட்டினார். அவள் கோட்டின் விளிம்பில் நின்றாள். இனி ஒரு விசில் வந்தால் போதும்.

எதிரணி வந்து போட்டது, வளையத்தில் பட்டு வெளியே வந்தது. துள்ளிப் பிடித்தேன். நேரம் பார்க்கிறவர், "இருபத்தஞ்சு செகண்டு!" என்றார்.

முப்பது வினாடிக்குள் கூடைக்கு எறிந்துவிட வேண்டும் என்பது விதி. இருபத்தைந்துதான் இருந்ததால் எறியவே தேவையில்லை. பந்தைத் தட்டிக்கொண்டே பிடிபடாமல் இருந்தால் ஜெயித்துவிடுவோம். எதிரணிக்கு வேறு வழியில்லை, என்னைப் பிடித்து இழுத்து ஃபௌல் செய்து ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தார்கள். முதலில் அவர்கள் கேப்டன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

நான் செய்ய வேண்டியதெல்லாம் அப்படியே நிற்பது. அவள் என்மேல் விழுவாள், விசில் ஊதும், பந்து எங்களுக்கே கிடைக்கும், பதின்மூன்று உள்ளே வருவாள், சிவப்புக் கோடு விழும். அந்த நேரத்தில் இதெல்லாம் தோன்றவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தோன்றியது. பந்து தட்டுகிற இரண்டு தட்டுக்குள் முழுதாகத் தோன்றியது. மேசையருகே அவள் சாய்ந்து நிற்பதும் தெரிந்தது.

நான் சுழன்று விலகினேன். அந்தக் கேப்டன் வெறுங்காற்றைப் பிடித்தாள். தொழிலாளிகள் ஓவென்று கத்தினார்கள். இன்னொருத்தி வந்தாள், அவளையும் ஏய்த்தேன். மூன்றாமவளின் விரல் என் சட்டையில் பட்டது, அதையும் உதறிக்கொண்டு ஓடினேன். பயமா? பயமும் இருந்தது, விசில் விழுந்தபின் பந்து யார் கையில் எப்படிப் போகுமோ என்று. ஆனால் பயம் பாதிதான். மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன். என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை, நூற்றுக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு அது நிற்கவே வேண்டாம் போலிருந்தது. தண்டவாளத்தை அடித்தார்கள்.

எல்லோரும் வந்து என்மேல் விழுந்தார்கள். மேடம் குடையை எறிந்துவிட்டு ஓடிவந்து என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். யாரோ என்னைத் தூக்கினார்கள். உயரத்திலிருந்து மேசையைப் பார்த்தேன். பதின்மூன்று அங்கேயே, கோட்டுக்கு அந்தப் பக்கம், கைதட்டிக்கொண்டு நின்றாள்.

கீழே இறங்கியதும் மேசைக்கு ஓடினேன். "சார், இவ வந்து சொல்லிட்டா இல்ல? ஒரு கோடு போட்டுடுங்க சார்" என்றேன்.

அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். "உள்ள எறங்கலியேம்மா."

"ஆட்டம் நிக்கலியே சார். நின்னிருந்தா எறங்கியிருப்பா."

"அத்தத்தான் நானும் சொல்றேன். நிக்கல" என்றார். அவர்மேல் தப்பில்லை. மேடத்தைக் கூட்டிவந்து பேசச் சொன்னேன். மேடம் கெஞ்சினார், பெண்ணின் கல்யாணம்வரை சொல்லிப் பார்த்தார். அவர் எழுந்து கைகூப்பினார். "போன வருஷம் இப்டித்தான் எரக்கப்பட்டு ஒண்ணு போட்டேன் மேடம். என்னையே எடுத்துடப் பாத்தாங்க."

பரிசளிப்பில் ஒன்பது பெயர் வாசித்தார்கள். ரயிலில் போய்க்கொண்டிருந்த நான்கு பேரின் சான்றிதழையும் மேடம் வாங்கிக்கொண்டார்.

பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போகும் பஸ்ஸில் ஏறினோம். மறுநாள் ஞாயிறு, அதனால் பதின்மூன்று வழியில் தன் ஊர் நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு. என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கோப்பை முன்சீட்டில் கைமாறிக்கொண்டிருந்தது. வெளிச்சம் இன்னும் இருந்தது, நாற்று நட்ட வயல்கள் இரண்டு பக்கமும் ஓடின. நான் வாயைத் திறந்தேன்.

"விசில் விழும்னுதான் நெனச்சேன்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு கைய விரிச்சிக்கினு வந்துதே, அப்ப நீ சும்மா நின்னுருந்தா விசில் ஊதியிருப்பாங்க, கேப்டன். பந்தும் நம்மளுக்குத்தான் குட்த்திருப்பாங்க."

நான் அவளைப் பார்த்தேன்.

"ரூல்ஸ் எல்லாம் எனக்குத் தெரியும். மூணு வருசமா குந்திக்கினு அத்தத்தானே பாத்துக்கினு இருந்தேன்."

மன்னித்துவிடு என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. சொன்னால் அவள் பரவாயில்லை என்பாள், அதைக் கேட்டு என் மனம் லேசாகிவிடும். அவளிடமிருந்து அதையும் வாங்கிக்கொள்ளக் கூசியது. மன்னிப்புக் கேட்காததற்கு இதுதான் காரணம் என்று இன்று எழுதுகிறேன். அன்று வெறும் கோழைத்தனமாகவும் இருந்திருக்கலாம்.

கண்டக்டர் அவள் ஊர்ப் பெயரைக் கத்தினார். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சாலையோரம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒருவர் நிற்பது தெரிந்தது. பஸ் வேகம் குறைந்ததுமே அவர் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

"நைனாகிட்ட என்ன சொல்லப்போறே?" என்று கேட்டேன்.

படியில் ஒரு கால் வைத்தவள் திரும்பினாள்.

"ஜெயிச்சிட்டோம்னு சொல்றேன்" என்றாள்.